கையில் கொடுத்த காசு: மதீனாவின் தீவானிலிருந்து முடிச்சூர் நியாயவிலைக் கடை வரை



ஷஅபான் பிறை தென்பட்டதும் நம் மஹல்லாக்களில் ஒரு விவாதம் தவறாமல் எழுகிறது. ஸகாத், ஸதகா நிதியைக் கொண்டு அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிப் பையாகக் கட்டிக் கொடுப்பதா, அல்லது பணமாகவே கையில் கொடுத்துவிடுவதா? பணமாகக் கொடுத்தால் வீணாகிவிடும் என்பார் ஒருவர். பையாகக் கொடுத்தால் பாதி வீடுகளில் ஒரே பருப்பு ஐந்து கிலோ சேர்ந்துவிடுகிறது என்பார் மற்றொருவர். முடிச்சூர், மண்ணிவாக்கம், அகரம்தென், படப்பை என்று தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், நேற்றுவரை நெல் வயலாக இருந்து இன்று மனையடிகளாகிவிட்ட இடங்களில், கூலி வேலையை நம்பி வாழும் குடும்பங்களின் பட்டியல் மேசைமீது இருக்கும். விவாதம் அவர்களைப் பற்றியது. ஆனால் அவர்கள் அந்த அறையில் இருப்பதில்லை.

நாம் இங்கே மார்க்கத் தீர்ப்பு வழங்க முற்படவில்லை. அதற்குத் தகுதியான பெருமக்கள் ஒவ்வோர் ஊரிலும் உள்ளார்கள். ஏழையின் கையில் பணமாகக் கொடுப்பது என்ற வழக்கத்துக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதில் நம் முன்னோருக்கும் பங்குண்டு, நாம் வாழும் இந்த மண்ணுக்கும் பங்குண்டு. அதையே சற்று விரிவாகப் பார்க்க விழைகிறோம்.

கருவூலத்தின் செல்வத்தை மக்களுக்கு நேரடியாகப் பங்கிடுவது கலீஃபா அபூபக்ர் (ரழி) அவர்களின் காலத்திலேயே நடந்தது. அவர்கள் அனைவருக்கும் சமமாகக் கொடுத்தார்கள். ஈராக், ஷாம், மிஸ்ரு ஆகிய நாடுகளின் வருவாய் மதீனாவில் குவியத் தொடங்கியபோது, அதற்கென ஒழுங்கான ஏடு திறந்தவர்கள் உமர் (ரழி) அவர்கள். அந்த ஏட்டுக்குத் தீவான் என்று பெயர். அது ஹிஜ்ரி 20ஆம் ஆண்டு என்று பலரும், 15 என்று சிலரும் எழுதியுள்ளார்கள். நபி (ஸல்) அவர்களின் குடும்பத்தாரான பனூ ஹாஷிமிலிருந்து தொடங்கிப் பெயர்கள் எழுதப்பட்டன. இஸ்லாத்திற்குச் செய்த சேவையைப் பொறுத்துத் தொகை வேறுபட்டது. பிற்காலத்தில் உமர் (ரழி) அவர்களே சமப் பங்கீட்டுக்குத் திரும்ப எண்ணினார்கள் என்றும் அறிவிப்புகள் கூறுகின்றன.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த ஏட்டில் பெண்கள் தத்தம் பெயரிலேயே பதிவு பெற்றார்கள். கணவர் வழியாகவோ தந்தை வழியாகவோ அல்ல, அவரவர் கைக்கே தொகை சென்றது. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்களின் வீட்டுக்கு அந்தப் பணம் வந்தபோது, அது தமக்கு மட்டும் உரியது என்பதை அவர்களால் முதலில் நம்ப முடியவில்லை. அதன்மீது ஒரு துணியைப் போர்த்தச் சொல்லி, துணிக்கடியில் கைவிட்டு அள்ளி, உறவினருக்கும் அநாதைகளுக்கும் இன்னின்னாருக்கு என்று பெயர் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் எஞ்சியது சொற்பம். அன்னையார் அதைச் செலவிட்ட விதம் அவர்களின் விருப்பம். கலீஃபா அதற்குக் கணக்குக் கேட்கவில்லை.

அடுத்த நிகழ்ச்சி நம்மில் பலரும் ஜும்ஆ பயான்களில் கேட்டதுதான். ஆயினும் அதை இன்னொரு கோணத்தில் கேட்டுப் பார்க்கலாம். பால்குடி மறந்த குழந்தைகளுக்கே உதவித்தொகை என்று முதலில் விதி இருந்தது. ஓரிரவு மதீனாவுக்கு வெளியே தங்கியிருந்த வணிகக் கூட்டத்துக்குக் காவலாக உமர் (ரழி) அவர்களும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்களும் விழித்திருந்தார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. மீண்டும் மீண்டும் சென்று விசாரித்தபோது, பேசுபவர் யார் என்றறியாத தாய் உண்மையைச் சொல்லிவிட்டார்: பால்குடி மறக்கடித்தால்தான் உமர் பணம் தருகிறார், ஆகவே காலத்திற்கு முன்பே மறக்கடிக்க முயல்கிறேன். ஃபஜ்ருத் தொழுகையில் அழுகையினால் கலீஃபாவின் ஓதல் மக்களுக்கு விளங்கவில்லை என்று அறிவிப்பில் வருகிறது. தொழுகை முடிந்ததும், குழந்தை பிறந்த நாள் முதலே தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள்.

இதை நாம் பெரும்பாலும் உமர் (ரழி) அவர்களின் இறையச்சத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறுகிறோம். அது சரியே. கூடவே இதில் ஒரு நிர்வாகப் பாடமும் இருக்கிறது. உதவியோடு ஒரு நிபந்தனையைக் கட்டினால், அந்த நிபந்தனை ஏழை வீட்டின் உள்ளே சென்று வேலை செய்யும். சில வேளைகளில் விதி வகுத்தவர் நினைத்தும் பாராத வேலையைச் செய்யும். அந்தத் தாய் பொய்யரும் அல்லர், பேராசைக்காரரும் அல்லர். விதி எப்படி இருந்ததோ அப்படி அவர் கணக்கிட்டார்.

பணம் மட்டுமே அன்று கொடுக்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒருவருக்கு மாதத்துக்கு எவ்வளவு தானியம் போதும் என்பதைக் கண்டறிய, உமர் (ரழி) அவர்கள் மாவை அளந்து ரொட்டி சுடச் செய்து, முப்பது பேரை அமர்த்தி உண்ணச் செய்து பார்த்தார்கள் என்றும், அதன்படி ஆளுக்கு இரண்டு ஜரீப் என்று வகுத்தார்கள் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. ஹிஜ்ரி 18இல் ஹிஜாஸைப் பஞ்சம் வாட்டியபோது, அந்தச் சாம்பல் ஆண்டில், காசு கொடுத்து ஆவதொன்றுமில்லை. வாங்குவதற்குச் சந்தையில் தானியமே இல்லை. ஆகவே ஷாமிலிருந்தும் மிஸ்ரிலிருந்தும் உணவு வரவழைக்கப்பட்டது. அவ்வாண்டு ஸகாத் வசூலும் தள்ளிவைக்கப்பட்டது. பொருள் இல்லாத இடத்தில் பொருள், பொருள் இருந்தும் வாங்கக் கையில் ஒன்றுமில்லாத இடத்தில் பணம். இந்த வேறுபாட்டைப் பின்வரும் பக்கங்களில் மீண்டும் மீண்டும் சந்திப்போம்.

ஃபிக்ஹ் நூல்களில் இது இன்னும் நுட்பமாகப் பேசப்படுகிறது. ஸகாத்தைப் பெறுவோர் எண்வகையினர் என்று திருக்குர்ஆன் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில் வகுத்துள்ளது. ஏழைக்குரிய பங்கு ஏழைக்கு உடைமையாகிவிட வேண்டும். இதனைத் தம்லீக் என்பர். ஹனஃபி அறிஞர்கள் பொருளுக்குப் பதில் அதன் மதிப்பைக் கொடுக்க அனுமதித்தார்கள். ஷாஃபிஈ அறிஞர்கள் எந்தச் செல்வத்தின் மீது ஸகாத் கடமையானதோ அதிலிருந்தே கொடுக்க வேண்டும் என்றார்கள். பணத்தின் ஸகாத் பணமாகவே போக வேண்டும். ஃபித்ரா தர்மத்தில் இவ்வேறுபாடு நம் கண்முன்னே தெரிகிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஷாஃபிஈ ஊர்க்காரர் அரிசியை அளந்து கொடுப்பார். உள்நாட்டு ஹனஃபி மஹல்லாவில் அதன் மதிப்பைக் காசாகக் கொடுப்பதும் வழக்கம். தாம்பரத்தில் இருவகையினரும் ஒரே பள்ளியில் தொழுவதால், பெருநாள் நெருங்கும்போது கேள்விக்குக் குறைவில்லை.

ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஏழைக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விக்கு அளித்துள்ள விளக்கத்தை மத்ரஸாவில் பாடம் நடத்தும்போதெல்லாம் வியப்போம். கைத்தொழில் தெரிந்தவருக்கு அவர் கருவிகளை வாங்குமளவு. வணிகருக்கு அவர் வணிகத்தின் முதலீட்டளவு. கீரை விற்பவருக்கு ஐந்து அல்லது பத்து திர்ஹம் போதும். மணிக்கற்கள் விற்பவருக்குப் பத்தாயிரம் திர்ஹம் தேவைப்படலாம். இப்படி ஒவ்வொரு தொழிலாகச் சொல்லிச் செல்கிறார்கள். ஏழை என்பவர் ஒரே அச்சில் வார்த்த உருவம் அல்லர், அவரவர் தேவை அவரவருக்குத் தனி என்ற தெளிவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. நமது மளிகைப் பையில் அந்தத் தெளிவு இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1782இல் ஹைதர் அலியுடனான போரால் சென்னையைப் பஞ்சம் சூழ்ந்தபோது தொடங்கப்பட்ட மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். கஞ்சித் தொட்டி என்ற சொல் வடசென்னையில் இன்றும் வழங்குகிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் செங்கல்பட்டு மாவட்டமும் வாடியது. இரயிலில் தானியம் வந்து இறங்கியது. விலையோ கூலிக்காரருக்கு எட்டவில்லை. அரசு நிவாரணப் பணிகளைத் தொடங்கி, வேலை செய்தோருக்குக் கூலி கொடுத்தது. அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அத்தகைய பணிதான். 1877இல் வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என்ற அளவுக்குக் குறைத்தார். கூலி அதிகமானால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள், தேவையற்றோரும் வந்து குவிவார்கள் என்பது அன்றைய ஆட்சியாளரின் அச்சம். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், அந்த அளவு மனிதனை உயிரோடு வைக்கப் போதாது என்று எழுத்து மூலம் எதிர்த்தார். மண் சுமப்பவனின் வயிற்றை அளக்கும் வேலையை உமர் (ரழி) அவர்களும் செய்தார்கள், டெம்பிளும் செய்தார். முப்பது பேரை அமர்த்திப் பசியாறும்வரை உண்ண வைத்துப் பார்த்ததற்கும், செலவுக் கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு அளந்ததற்கும் எத்தனை தூரம்!

சுதந்திரத்துக்குப் பிறகு அரசின் பணம் நேராக ஏழை வீட்டுக்கு வந்தது முதியோர் உதவித்தொகை வழியாகத்தான். தமிழகத்தில் அது 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. தபால்காரர் மணியார்டரோடு வரும் நாளைக் கணக்கு வைத்துத் திண்ணையில் காத்திருந்த பாட்டிமார்களை நம் தலைமுறை பார்த்திருக்கிறது. 1987இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் 300 ரூபாயோடு தொடங்கியது. கூலி வேலைக்குச் செல்லும் பெண் கருவுற்ற காலத்தில் இழக்கும் வருவாயை ஈடுசெய்து, அவர் வயிற்றுக்கு உணவு கிடைக்கச் செய்வதே நோக்கம். 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று அது உயர்ந்தது. கடைசி உயர்வின்போது முழுவதும் பணமாகக் கொடுக்கவில்லை. 14,000 பணம், மீதி 4,000 ரூபாய் மதிப்புக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். பணமா பையா என்ற நம் ஷஅபான் மாத விவாதத்தை அரசும் தனக்குள் நடத்தி, இரண்டையும் வைத்துக்கொண்டது போலும். 2001 முதல் ரமளானில் பள்ளிவாசல்களுக்கு நோன்புக் கஞ்சிக்காக அரசு பச்சரிசி வழங்கிவருவது பொருளாகவே தரும் உதவி. பொதுச் சமையலுக்கு அதுவே பொருத்தம்.

தாம்பரம் வட்டாரத்தார் பண உதவியைப் பெருமளவில் கண்டது வெள்ளத்தில்தான். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று நீரில் மூழ்கின. அன்று பள்ளிவாசல்களின் கதவுகள் எல்லாச் சமயத்தாருக்கும் திறந்திருந்தன. நம் இளைஞர்கள் படகிலும் டியூபிலும் உணவுப் பொட்டலங்களைக் கொண்டு சென்றார்கள். பின்னர் அரசு, நீர் புகுந்த வீடுகளுக்கு 5,000 ரூபாயும் குடிசை இழந்தோருக்கு 10,000 ரூபாயும், கூடவே 10 கிலோ அரிசியும் வேட்டி சேலையும் என்று அறிவித்தது. பணம் வங்கிக் கணக்கு வழியே சென்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வழி மாறியது. டோக்கன் கொடுத்து, நியாயவிலைக் கடையிலேயே குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் ரொக்கமாக எண்ணிக் கொடுக்கப்பட்டது. டிசம்பர் 17இல் விநியோகம் தொடங்கிற்று. வங்கிக் கணக்கில்தான் செலுத்த வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ரொக்கத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும். வங்கிப் பணத்துக்கோ, நனைந்து கூழான பாஸ்புக்கையும் காணாமற்போன ஏடிஎம் அட்டையையும் முதலில் தேட வேண்டும்.

புயலடித்த முதல் மூன்று நாள்களில் பால் பாக்கெட் பன்மடங்கு விலைக்கு விற்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மூன்று நாளும் சாம்பல் ஆண்டைப் போன்றவை. அப்போது ரொட்டியும் பாலும் தண்ணீரும்தான் உதவி. நான்காம் நாளுக்குப் பிறகு கடைகள் திறந்துவிட்டன. இனி ஒரு வீட்டுக்கு மெத்தை வேண்டும். இன்னொரு வீட்டுக்குத் தையல் இயந்திரத்தின் மோட்டார் பழுது பார்க்க வேண்டும். மற்றொரு வீட்டில் பள்ளிப் புத்தகங்கள் போய்விட்டன. அதற்குப் பிறகும் ரவைப் பொட்டலமும் பழைய துணியும் லாரியில் வந்துகொண்டே இருந்ததை நாம் பார்த்தோம். அந்தத் துணிகள் என்னவாயின என்று சொல்லத் தேவையில்லை.

பண உதவியின் வரலாற்றில் அடுத்த கட்டம் 2023 செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. முதற்கட்டத்தில் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நான்கு சக்கர வாகனம் இருக்கக் கூடாது, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குமேல் மின்சாரம் பயன்படுத்தக் கூடாது என்று வரம்புகள் வகுக்கப்பட்டிருந்தன. ஆனால் பெற்ற பணத்தை எதற்குச் செலவிட்டாய் என்ற கேள்வி கிடையாது. பெயரிலேயே உதவி என்ற சொல்லைத் தவிர்த்து உரிமை என்று வைத்தார்கள். ஸகாத்தை ஏழையின் உரிமை என்று கற்றுக்கொண்டு வளர்ந்த நமக்கு அந்தச் சொல் புதிதல்ல.

அந்த ஆயிரம் எங்கே போகிறது? நம் மக்தப் பிள்ளைகளில் சிலர் தாய்மாரின் கைபேசியில் வரும் வங்கிக் குறுஞ்செய்தியை வாசித்துச் சொல்பவர்கள். அவர்கள் வழியாகவும் வீட்டாரோடு பேசியும் நாம் அறிந்தது இதுதான்: எரிவாயு உருளை, பள்ளி வேன் கட்டணம், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, மழைக்காலத்தில் கூலி வராத வாரத்தின் மளிகை பாக்கி. தையல்காரப் பெண் ஒருவர் மூன்று மாதத் தொகையைச் சேர்த்து ஓரம் தைக்கும் இயந்திரத்துக்கு முன்பணம் கட்டினார். இது ஆய்வன்று, தெரிந்த வீடுகளின் செய்தி மட்டுமே. முறையான ஆய்வுகளும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் வட்டாரக் கிராமங்களில் 2011, 2012 ஆண்டுகளில் சேவா பெண்கள் அமைப்பு, வயது வந்தோருக்கு மாதம் 200 ரூபாய், பிள்ளைகளுக்கு 100 ரூபாய் என்று நிபந்தனையின்றிக் கொடுத்துப் பார்த்தது. பின்னர் அது 300, 150 என உயர்த்தப்பட்டது. உணவு மேம்பட்டது, பிள்ளைகளின் பள்ளி வருகை கூடியது, மக்கள் வேலையை விட்டுவிடவில்லை. கென்யாவின் ரரியேடா பகுதியில் நடந்த ஆய்வில், கூரை வேய்ந்த வீடுகள் தகரக் கூரைக்கு மாறின, ஆடுமாடுகள் பெருகின. குடிக்கும் புகைக்கும் ஆகும் செலவு கூடவில்லை. உலக வங்கியைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதே முடிவுதான் கிடைத்தது.

குடிகாரக் கணவர் பிடுங்கிக்கொள்ளும் வீடுகள் இல்லையா என்றால், இருக்கின்றன. அத்தகைய வீட்டுக்கு மளிகைப் பை கொடுத்தாலும் அது கடைக்குத் திரும்பிச் சென்று பாதி விலைக்கு விலைபோவதை நம் ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள். நோய் வேறெங்கோ இருக்கும்போது பொட்டலத்தை மாற்றி என்ன பயன்?

நம்மை உறுத்துவது வேறொரு செலவு. அந்த ஆயிரத்தின் ஒரு பகுதி பல வீடுகளில் வட்டிக்குப் போகிறது. வாரந்தோறும் கட்ட வேண்டிய குழுக்கடன். அடகுக்கடையில் உறங்கும் தோட்டுக்கான வட்டி. தெருவில் பைக்கில் வரும் தண்டல்காரர். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. கடன் வசூலில் நடக்கும் மிரட்டலைத் தடுக்க 2025இல் சட்டப்பேரவை இன்னொரு சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. ஆயினும் தவணை நாளன்று அந்தத் தாயின் கதவைத் தட்டுபவர் வந்துகொண்டுதான் இருக்கிறார். உரிமைத் தொகையின் முதல் மாதத்திலேயே சில வங்கிகள், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று கூறி அதிலிருந்து அபராதத்தைக் கழித்துக்கொண்டன. அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அவ்வாறு செய்யக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்ல நேர்ந்தது.

ஸகாத் பெறும் எண்வகையினரில் கடன்பட்டோர் ஒரு தனி வகையினர். ஏழைகள், வறியோர் என்ற பெயர்களுக்குள் அவர்களை அடக்கிவிடாமல் அல்லாஹ் தனியே பெயர் சொல்லியிருக்கிறான். ஐந்து கிலோ பருப்பைக் கொண்டு யாரும் கடன் தவணை கட்ட முடியாது. ரமளான் பையை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிச் செல்லும் சகோதரி, அதே வாரத்தில் தவணைக்காக அண்டை வீட்டில் இன்னொரு கடன் வாங்குகிறார். பையைக் கட்டியவர்களுக்கு அது தெரிய வழியில்லை, அவரும் சொல்வதில்லை.

இவ்வாண்டு நம் மஹல்லாவில் பைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, அந்த நிதியைக் கடன்பட்டோருக்கென ஒதுக்கப் பேசி முடித்திருக்கிறோம். விண்ணப்பப் படிவம் கிடையாது. ஆலிமா ஒருவரும் வயதான இரு பெண்களும் வீடுவீடாகச் சென்று விசாரிப்பார்கள்; யார் பெயரும் பள்ளிவாசல் பலகையில் எழுதப்படாது. அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, யாரிடம் என்பதை மட்டும் ஓர் ஏட்டில் குறிப்பார்கள். வட்டியையும் ஸகாத் பணத்திலிருந்து அடைக்கலாமா, அசலை மட்டுமா என்ற கேள்வி எழுந்துள்ளது. அதை மூத்த ஹஸ்ரத் ஒருவருக்கு எழுதி அனுப்பியிருக்கிறோம். பதில் வந்ததும் இன்ஷா அல்லாஹ் இங்கே தெரிவிப்போம்.